செக் என்றால் மன்னன்

ஆங்கிலத்தில் மிக அதிகமான பொருள்களைச் சுமக்கும் சொல் எது என்று கேட்டால் வழக்கமாக இரண்டு விடை வரும்: ‘செட்’, ‘ரன்’. 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ முதலிடத்தில் இருந்தது, 430 பொருள். பிறகு ‘ரன்’ என்ற வினையை அதே அகராதிக்காரர்கள் புதிதாக ஆராய்ந்தபோது கணக்கு 645-ஐத் தொட்டது. இந்தப் பெருக்கத்தில் எனக்கு வியப்பு குறைவு. வைத்தல், ஓடுதல் போன்ற அடிப்படை வினைகள் எந்த மொழியிலும் கிளை விடத்தான் செய்யும். நம் ‘எடு’, ‘போடு’, ‘பிடி’ மூன்றையும் ஒரு நாள் முழுக்கக் கவனித்தாலே இது தெரிந்துவிடும். என்னைப் பிடித்து வைத்திருப்பது வேறொரு சொல்: ‘செக்’. அது வினையாகப் பிறக்கவில்லை, ஆங்கிலத்திலும் பிறக்கவில்லை. பாரசீகத்தில் ‘மன்னன்’ என்று பொருள்பட்ட சொல் அது.

வங்கியில் நீட்டுகிற செக், மாநில எல்லையில் வண்டியை நிறுத்தும் செக்போஸ்ட், ஆஸ்பத்திரி செக்-அப், பஸ்ஸில் திடீரென்று ஏறும் செக்கிங் இன்ஸ்பெக்டர், கட்டம் போட்ட செக்டு சட்டை, சதுரங்கப் பலகை முன்னால் உட்கார்ந்து பிள்ளைகள் சொல்லும் செக். இவை தமிழுக்குள் தனித்தனி வாசல் வழியாக வந்தவை. ஒன்றுக்கொன்று உறவு என்று யாருக்கும் தோன்றாது. எழுத்து வேறுபாட்டைக் கண்டு, வங்கிச் செக் தனிச்சொல் என்றே ஆங்கிலம் படித்தவர்களில் பலர் நினைக்கிறார்கள். அத்தனையும் ஒரே சொல். அதன் வழியைப் பின்தொடர்ந்தால் ஒரு மலைப்பாறை, ஒரு விளையாட்டு, ஒரு மேசை விரிப்பு மூன்றையும் கடந்தாக வேண்டும்.

ஈரானின் மேற்கே, கெர்மான்ஷா நகருக்கு அருகில் பெஹிஸ்தூன் மலை இருக்கிறது. கி.மு. 520-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முதலாம் தாரியஸ் அதன் செங்குத்துப் பாறையில் தன் வெற்றிகளை மூன்று மொழிகளில் வெட்டச் செய்தான். பழம்பாரசீகப் பகுதியில் அவன் தனக்குச் சூட்டிக்கொள்ளும் பட்டம் ‘க்ஷாயதிய’. மன்னன் என்று பொருள். பேச்சில் தேய்ந்து தேய்ந்து அந்த நீளச் சொல் ‘ஷா’ என்று நின்றது. ஷாஜகானின் ஷா, நாதிர் ஷாவின் ஷா, நம் ஊர்க் கதைகளில் வரும் டில்லி பாதுஷாவின் ஷா எல்லாம் அதுவே. ஆட்சி, அதிகாரம் என்று பொருள்படும் ‘க்ஷத்ர’ என்ற சமஸ்கிருதச் சொல்லும் அதே வேரில் கிளைத்தது. ஆக, சத்திரியனும் செக்கும் தூரத்துப் பங்காளிகள்.

இந்த ‘ஷா’ விளையாட்டுக்குள் போன கதை நமக்கு நெருக்கமானது. 6-ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்தியாவில் உருப்பெற்ற சதுரங்கம், யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையோடு பாரசீகம் போய் ‘சத்ரங்’ ஆனது. அரபியர் வாயில் ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. பாரசீகரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதிராளியின் மன்னனைத் தாக்கும் காயை நகர்த்தினால் ‘ஷா!’ என்று குரல் கொடுக்க வேண்டும். உன் மன்னனைப் பார்த்துக்கொள் என்ற எச்சரிக்கை அது. தப்ப வழியே இல்லாதபடி மடக்கிவிட்டால் ‘ஷா மாத்’. இதற்கு ‘மன்னன் இறந்தான்’ என்று அரபு வழியில் பொருள் சொல்வது பரவலாக இருக்கிறது. பாரசீகத்திலோ ‘மாத்’ என்றால் செய்வதறியாது திகைத்து நிற்பது. நான் இரண்டாவது விளக்கத்தின் பக்கம். சதுரங்கத்தில் மன்னன் வெட்டுப்படுவதே கிடையாது. எந்தப் பக்கமும் நகர முடியாமல் அவன் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது.

அரபியரிடமிருந்து ஐரோப்பியர் ஆட்டத்தைக் கற்றபோது சொல்லும் கூடவே போனது. லத்தீனுக்கு ‘ஷ’ ஒலி வராது. ‘ஷா’வை அது ‘ஸ்காக்குஸ்’ என்று எழுதிக்கொண்டது. பழைய பிரெஞ்சு அதை ‘எஸ்செக்’ ஆக்கியது. இங்கிலாந்து வந்ததும் முன்னெழுத்து உதிர்ந்து ‘செக்’. அதன் பன்மை வடிவம் தேய்ந்ததுதான் ‘செஸ்’. எனவே செஸ் என்ற விளையாட்டின் பெயருக்கே ‘மன்னர்கள்’ என்றுதான் பொருள். ஸ்பானியர் ‘அஹெத்ரேஸ்’ என்கிறார்கள், போர்ச்சுக்கீசியர் ‘ஷத்ரேஸ்’ என்கிறார்கள். அவர்கள் நம் ‘சதுரங்க’த்தைக் காப்பாற்றி வைத்தவர்கள். ஜெர்மானியரின் ‘ஷாக்’, பிரெஞ்சுக்காரரின் ‘எஷெக்’, ரஷ்யரின் ‘ஷாக்மதி’ எல்லாம் மன்னன் கட்சி.

இதுவரை நடந்தது ஒலி மாற்றம். பொருள் மாற்றத்தின் பெரிய திருப்பம் நடந்த இடம் லண்டனில், அரசாங்கக் கணக்கு பார்க்கும் அறையில் போட்டிருந்த ஒரு மேசை. அந்த மேசையைப் பற்றி நமக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் இரண்டாம் ஹென்றி மன்னனின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நைஜல், 1170-களின் இறுதியில், ஆசிரியரும் மாணவரும் உரையாடுவதுபோல லத்தீனில் ஒரு நூல் எழுதி வைத்தார். மேசையின் நீளம் 10 அடி, அகலம் 5 அடி. மேலே வைப்பது உருண்டு விழாதபடி நான்கு விரல் உயரத்துக்கு ஓரம் கட்டியிருக்கும். அதன்மேல் கறுப்புத் துணி விரித்து, ஒரு அடிக்கோ ஒரு சாணுக்கோ ஒரு கோடாக இழுத்திருப்பார்கள். பார்வைக்குச் சதுரங்கப் பலகை. அதனால் அந்த மேசைக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்தது; பிறகு மேசையைச் சுற்றி உட்கார்ந்த அலுவலகத்துக்கும் அதே பெயர். இன்றைக்கும் பிரிட்டனின் நிதியமைச்சருக்கு ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்றுதான் பட்டம்.

அங்கே நடந்த வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஈஸ்டருக்கு ஒரு முறை, செப்டம்பர் இறுதியில் வரும் மைக்கேல்மாஸுக்கு ஒரு முறை, ஒவ்வொரு வட்டாரத்தின் ஷெரீஃபும் வசூல் கணக்கோடு வந்து அந்த மேசை முன்னால் உட்கார வேண்டும். கட்டங்கள் வலமிருந்து இடமாக ஏறும்: முதலில் பென்னி, அடுத்து ஷில்லிங், பிறகு பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம். வில்லைகளை நகர்த்தி, செலுத்த வேண்டிய தொகையை மேல் வரிசையிலும் செலுத்திய தொகையைக் கீழ் வரிசையிலும் அடுக்குவார்கள். கழித்தால் பாக்கி. ரோமன் எண்களை வைத்துத் தாளில் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. எழுதப் படிக்கத் தெரியாத ஷெரீஃபும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள மேசை உதவியது. ஃபிட்ஸ்நைஜல் பெயர்க் காரணத்துக்கு இன்னொன்றும் சொல்கிறார்: சதுரங்கத்தில் இரண்டு மன்னர்கள் மோதுவதுபோல இங்கே பொருளாளரும் ஷெரீஃபும் மோதுகிறார்கள். அரசாங்கக் கணக்கைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதிய அதிகாரியை நான் வேறெங்கும் படித்ததில்லை.

பணம் கட்டியதற்கு ரசீது மரக்குச்சி. குச்சியில் வெட்டு விழும் அளவை வைத்துத் தொகை. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை கனத்துக்கு வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் கனம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி அளவு. வெட்டிய பின் குச்சியை நீளவாக்கில் பிளப்பார்கள். ஒரு பாதி கட்டியவருக்கு, மறு பாதி அலுவலகத்துக்கு. பிறகு சந்தேகம் வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்த்தால் போதும். ஒரு பாதியில் கள்ளத்தனமாகக் கூடுதல் வெட்டு போட்டால் மறு பாதி காட்டிக் கொடுத்துவிடும். இந்த முறை 1826 வரை நீடித்தது. குவிந்து கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றத்தின் அடுப்பில் போட்டு எரித்தார்கள். தீ கட்டுமீறிப் போய் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்தது. இன்று தேம்ஸ் கரையில் நிற்கும் கட்டடம் அதற்குப் பிறகு கட்டியது.

‘செக்’ என்ற வினையின் இரண்டு பெரும் பொருள்களும் இந்தப் பின்னணியில் தெளிவாகின்றன. முந்தியது தடுத்தல். மன்னனுக்குச் செக் விழுந்தால் அதுவரை போட்ட திட்டமெல்லாம் நின்றுபோகும். முதலில் ஆபத்தை விலக்கியாக வேண்டும். பிரெஞ்சில் அந்தச் சொல் தோல்வி என்ற பொருளுக்கே போய்விட்டது. ஆங்கிலத்தில் 14-ஆம் நூற்றாண்டிலிருந்து நிறுத்தம், தடை, அடக்குதல், கடிந்துகொள்ளுதல் என்றெல்லாம் வழங்கியது. வல்லூறு வைத்து வேட்டையாடியவர்கள், பறவை குறித்த இரையை விட்டுவிட்டு வேறொன்றின் பின்னால் போனால் அதைச் ‘செக்’ என்றார்கள். வேட்டை நாய்கள் மோப்பத்தைத் தவறவிட்டு நின்றாலும் ‘செக்’. 1788 வாக்கில் அமெரிக்க அரசியல் சட்டத்துக்காக வாதாடியவர்கள், ஆட்சியின் ஒரு கிளை மற்றொன்றை அத்துமீறாமல் பிடித்து நிறுத்தும் ஏற்பாட்டுக்கு இந்தச் சொல்லையே எடுத்தார்கள். மன்னனே வேண்டாம் என்று போரிட்டுப் பிரிந்தவர்கள் தங்கள் அரசியல் சட்டத்தை விளக்க, மன்னன் என்று பொருள்பட்ட சொல்லில் வந்து நின்றார்கள்.

இரண்டாவது பொருள் சரிபார்த்தல். இது 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலையெடுத்தது. இன்று நாம் அதிகம் பயன்படுத்துவது இதுதான் என்றாலும் வயதில் இளையது. ஒருவர் எழுதிய கணக்கை இன்னொரு கணக்கோடு ஒப்பிட்டுத் தவறையும் திருட்டையும் தடுப்பது என்ற அலுவலக வழக்கிலிருந்து, ஒப்பிட்டுப் பார்ப்பது என்பது மட்டும் தனியாகப் பிரிந்து வந்திருக்கிறது. தடுத்தலுக்கும் பார்த்தலுக்கும் நடுவில் இருக்கும் பாலம் கணக்கு. விமானத் துறையின் செக்லிஸ்ட் பழைய பாதிப்பொருளையும் சேர்த்தே வைத்திருக்கிறது. 1935 அக்டோபர் 30 அன்று ஓஹையோவின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் மாடல் 299 விமானம் எழும்பிய சற்று நேரத்தில் விழுந்தது. நிறுத்தி வைக்கும்போது வால்பகுதிக் கட்டுப்பாட்டுத் தகடுகளுக்குப் போட்ட பூட்டை எடுக்காமலே கிளம்பியிருந்தார்கள். அதன் பிறகுதான், அனுபவமுள்ள விமானியும் ஞாபகத்தை நம்பாமல் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லிச் சரிபார்க்கும் முறை அமெரிக்க ராணுவ விமானங்களில் நிலைபெற்றது. அந்தப் பட்டியல் பார்ப்பதற்காக மட்டும் இல்லை, தவறைத் தடுப்பதற்காக.

வங்கிச் செக்கின் பிறப்பும் தடுப்பதில்தான். ‘இவருக்கு இவ்வளவு கொடுங்கள்’ என்று வங்கிக்காரருக்குச் சீட்டு எழுதும் வழக்கம் லண்டனில் 17-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அப்போது அதற்குச் செக் என்று பெயரில்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எக்ஸ்செக்கர் வெளியிட்ட கடன் பத்திரத்தின் அடிக்கட்டைக்குத்தான் ‘செக்’ என்று பெயர். பத்திரத்தையும் அடிக்கட்டையையும் ஒட்டிப் பார்த்தால் போலி தெரிந்துவிடும். பிளந்த குச்சியின் அதே தர்க்கம் காகிதத்துக்கு வந்திருக்கிறது. பேங்க் ஆஃப் இங்கிலாந்து 1717-இலிருந்து அச்சிட்ட படிவங்களை வாடிக்கையாளருக்குக் கொடுக்கத் தொடங்கியது. அப்படி மோசடியைத் தடுக்கும் அமைப்புள்ள தாளில் எழுதும் சீட்டுக்கு, நாளடைவில் அடிக்கட்டையின் பெயரே நிலைத்துவிட்டது. நம் கையில் இருக்கும் செக் புத்தகத்தில் கிழித்த பிறகு மிஞ்சுகிறதே அந்தத் துண்டு, அதுதான் மூலச் செக்.

பிரிட்டிஷ்காரர்கள் அதை ‘க்யூ’ எழுத்துப் போட்டு எழுதுவது எக்ஸ்செக்கரின் நினைவில். 19-ஆம் நூற்றாண்டில்தான் அந்த எழுத்துமுறை உறுதிப்பட்டது. அமெரிக்கர்கள் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டார்கள். ஓட்டல் பில்லுக்கும் அங்கே செக் என்று பெயர்.

இந்தியாவில் இந்தச் சொல் சட்டத்தின் வழியாகவும் வேரூன்றியது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், செக் என்றால் என்ன என்று 6-ஆம் பிரிவில் வரையறுத்தது. 1988-இல் சேர்த்து 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 138-ஆம் பிரிவு, கணக்கில் பணமில்லாமல் திரும்பும் செக்கைக் குற்றமாக்கியது. அதற்குப் பிறகு ‘செக் பவுன்ஸ்’ என்பது ஊர்ப் பஞ்சாயத்து வரை புழங்கும் சொல்லாகிவிட்டது. தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக்கை வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுப்பவர்கள் எத்தனை பேர்! மோசடியைத் தடுக்கப் பிறந்த தாளை ஏழையின் கழுத்துக்குக் கயிறாக்கும் அந்தப் பழக்கம் கண்டிக்கத்தக்கது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் தாண்ட எனக்கு மனமில்லை.

தமிழில் ‘காசோலை’ என்று ஆக்கியவர்கள் நல்ல வேலை செய்திருக்கிறார்கள். செய்தியையும் ஆணையையும் ஏந்திப்போவது ஓலை. காசு தரச் சொல்லி ஏந்திப்போவது காசோலை. தடுப்பு என்ற பொருளைத் தேடிப் போகாமல் காகிதம் செய்யும் வேலையைப் பெயரில் வைத்தார்கள். அதனால்தான் அச்சிலும் அலுவலகத்திலும் அது நின்றது.

கடைசியாகத் துணிக்கு வருவோம். எக்ஸ்செக்கர் மேசையும் சதுரங்கப் பலகையும் கொடுத்த இன்னொரு பொருள், கட்டம். இடைக்கால இங்கிலாந்திலேயே கட்டமிட்ட துணிக்குச் செக் என்று பெயர் வந்துவிட்டது. நெசவில் இது எளிய விஷயம்போலத் தெரியும்: பாவில் நூலின் நிறத்தை மாற்றிப் போட்டால் நெடுக்குக் கோடு, ஊடையில் மாற்றினால் குறுக்குக் கோடு, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கட்டம். ஆனால் ஊடையை எத்தனை இழைக்கு ஒரு முறை மாற்றுவது என்ற கணக்கு நெய்பவர் கையில் இருக்கிறது. பாவுக்கு ஏற்ற அடர்த்தியில் ஊடையை அடிக்காவிட்டால் சதுரம் நீள்சதுரமாகிவிடும்.

சோழமண்டலக் கரையின் நெசவாளர்கள் இந்தக் கணக்கில் கரைகண்டவர்கள். ‘மெட்ராஸ் செக்’ என்ற பெயரில் அந்தத் துணி மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை ‘இஞ்சிரி’ என்கிறார்கள். பிறப்பிலும் இறப்பிலும் அந்தத் துணிக்கு இடமுண்டு. நெய்த துணியில் சில இழைகளை மட்டும் வெட்டி உருவி எடுத்துப் புதுக் கோலம் உண்டாக்கும் கலையையும் அவர்கள் வளர்த்திருக்கிறார்கள். அப்படிச் செய்த துணி ‘பெலெதே பிதே’. 1950-களிலும் 60-களிலும் அமெரிக்கக் கல்லூரி இளைஞர்கள் மெட்ராஸ் சட்டைக்குப் பின்னால் ஓடினார்கள். வெளுக்கும்போது சாயம் இறங்கி ஒரு கட்டம் மற்றொன்றில் கலந்தது. விற்றவர்கள் அதையே சிறப்பாக்கி, சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்தார்கள்.

சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடும் இந்தக் கதையில் உண்டு. ஆங்கிலேயர் வாயில் அது ‘புலிகாட்’. அங்கிருந்து போன கட்டம் போட்ட கைலியை மலாய் மொழியில் இன்றும் ‘காயின் பெலிகாட்’ என்கிறார்கள். ஸ்காட்லாந்து நெசவாளர்கள் அதைப் பார்த்து நெய்த கைக்குட்டைக்கு ‘புலிகேட்’ என்று பெயர். ஆங்கிலச் சொல் ஒன்று தமிழகத்துத் துணியின் பெயரில் ஒட்டிக்கொண்ட அதே காலத்தில் தமிழகத்து ஊர்ப்பெயர் இரண்டு மொழிகளுக்குள் துணியாகவே மாறியிருக்கிறது. 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலம் முழுவதற்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டினார்கள். செஸ், செக் இரண்டும் ஒரே சொல் என்பதைக் கூவத்தின் மேல் பெரிதாக எழுதிப் போட்டதுபோல எனக்குப் பட்டது.

ஆட்டத்தில் மட்டும் அந்தச் சொல் ஒலிப்பது குறைந்துவிட்டது. சர்வதேசச் சதுரங்க விதிகள் ‘செக்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று கேட்பதில்லை. பெரிய போட்டிகளில் ஆட்டக்காரர்கள் சொல்வதும் இல்லை. தமிழ்ச் செய்தித்தாளில் அது உரத்து ஒலிக்கிறது. ஒரு கட்சி இன்னொரு கட்சிக்குச் ‘செக் வைத்தது’ என்று தலைப்பு வராத மாதம் இல்லை. ‘ஷா’ என்று குரல் கொடுத்த பாரசீக ஆட்டக்காரனின் பொருள் அப்படியே அதில் இருக்கிறது.

இத்தனை பொருளையும் ஆங்கிலம் ஒரே வினைக்குள் திணித்து வைத்து, சூழலை நம்பிப் பிரித்துக்கொள்கிறது. தமிழ் வேறு வழி கண்டது. செக்கைப் பெயராக மட்டும் வாங்கிக்கொண்டு வேலையைத் தன் சொந்த வினைகளிடம் ஒப்படைத்தது. சரிபார்த்தால் செக் பண்ணுகிறோம். மடக்கினால் செக் வைக்கிறோம். வங்கியில் கட்டினால் செக் போடுகிறோம், பணமாக்கினால் செக் மாற்றுகிறோம், கொடுக்கும்போது செக் கிழிக்கிறோம். ‘போன வாரம் போட்ட செக் கிரெடிட் ஆயிடுச்சான்னு செக் பண்ணிச் சொல்லுங்க சார்’ என்று கவுன்ட்டரில் ஒருவர் கேட்டால், உள்ளே இருப்பவர் ஒரு நொடி கூடத் தயங்காமல் கணக்கு எண்ணைக் கேட்கிறார்.